ஏழு குஞ்சுகள்: கோழிக்கழிச்சலுக்குப் பிறகு ஒரு பட்டியின் கணக்கு

மாசிக் கடைசியில் எங்கள் தோட்டத்தில் குஞ்சுகள் மட்டும் 37 இருந்தன. சித்திரை பிறந்தபோது எண்ணினால் 12. நோயில் செத்தவை 17. ஒன்று தண்ணீர்த் தட்டில் மூழ்கிச் செத்தது. மிச்சம் ஏழு குஞ்சுகளை நானே என் கையால் முடித்தேன். நோயைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த ஏழு குஞ்சுகளைப் பற்றி, அதிலும் அவற்றை முடிக்காமல் நான் இழுத்தடித்த ஒன்பது நாளைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

பட்டியின் நிலை

தாராபுரம் பக்கம் மேட்டாங்காடு. எல்லாம் சிறுவிடைக் கோழிகள்: பெட்டை பன்னிரண்டு, சேவல் இரண்டு. பகலில் மேய்ச்சல், இரவில் குடாப்பு. தையில் மூன்று பெட்டைகளை அடை வைத்ததில் 31 குஞ்சு தேறின. பெரிய கோழிகள் அத்தனைக்கும் பிப்ரவரியில் நடக்கும் இருவார முகாமில் கழிச்சல் ஊசி போட்டாகிவிட்டது. முகாமில் போடுவது எட்டு வாரம் தாண்டிய கோழிகளுக்கான ஊசி. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து விட வேண்டும். நான் விடவில்லை.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். கடையில் கிடைத்தது 100 டோஸ் குப்பி. கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். 31 குஞ்சுக்கு 100 டோஸ் உடைப்பதா, இன்னொரு அடை பொரிக்கட்டும், சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளினேன். காசு பெரிய காசு இல்லை. மிச்சத்தைக் கொட்டுவதற்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். வீட்டுக் கோழி வளர்க்கிற பாதிப் பேர் இதே இடத்தில்தான் வழுக்குகிறோம்.

அதற்கு மேல் இன்னொரு தப்பும் செய்தேன். வாரச் சந்தையில் ஆறு குஞ்சோடு ஒரு தாய்க்கோழி வந்திருந்தது. கறுப்பில் பொன்னிறப் புள்ளி போட்ட கோழி, பார்த்ததும் பிடித்துவிட்டது. வாங்கி வந்து அன்று மாலையே மற்றதுகளோடு விட்டேன். வெளியிலிருந்து வரும் கோழியை இரண்டு வாரமாவது தனியாக அடைத்து வைக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற ஆள் நான்.

நாள் கணக்கு

சந்தை நாளை முதல் நாளாக வைத்துக்கொள்கிறேன். ஐந்தாம் நாள் காலையில் சந்தைக் குஞ்சு ஒன்று வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கியது. ஏழாம் நாள் எங்கள் குஞ்சுகளும் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணிக் கழிச்சல். எட்டாம் நாள் விடியலில் பஞ்சாரத்தைத் தூக்கினால் நான்கு செத்துக் கிடந்தன. பதின்மூன்றாம் நாளுக்குள் 17 போய்விட்டன. பெரிய கோழிகளில் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சந்தைத் தாய்க்கோழி உட்பட.

எட்டாம் நாளே செத்த குஞ்சு இரண்டை இரண்டு பாலிதீன் பையில் போட்டுக் கட்டிக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். டாக்டர் பையைத் தொடுவதற்கு முன்னால் கேட்ட கேள்விகள் நினைவில் நிற்கின்றன. "பெரிய கோழி பொசுக்குனு விழுந்து சாகுதுங்களா? கொண்டை நீலம் பாய்ஞ்சிருக்கா? பக்கத்துல காக்கா ஏதாவது செத்துக் கிடந்துச்சுங்களா?" மூன்றுக்கும் இல்லை என்றேன். ஆமாம் என்றிருந்தால் பறவைக் காய்ச்சல் சந்தேகம். அதற்குப் பிறகு ஒரு கோழியைக்கூட நானாகத் தொடக் கூடாது, கொல்லவும் கூடாது, புதைக்கவும் கூடாது. மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பி, உறுதியானால் துறை ஆட்கள் கவச உடையோடு வந்து அவர்களே செய்வார்கள். 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாக வந்ததிலிருந்து நம் நாட்டில் அப்படித்தான். கழிச்சல் நோயும் 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப் பட்டியலில் இருப்பதுதான். தெரிந்தால் சொல்ல வேண்டும். நம்மில் யார் சொல்கிறோம்?

குஞ்சை அறுத்துக் காட்டினார். இரைப்பைக்கு முன்னால் பஞ்சு போல ஒரு சுரப்பி இரைப்பை உண்டு. அதன் உள்பக்கத்தில் ஒவ்வொரு சுரப்பியின் நுனியிலும் ஊசி முனை அளவுக்கு இரத்தம், குங்குமத்தை விரலில் தொட்டுத் தெளித்த மாதிரி. குடலிலும் அங்கங்கே செம்புண். "இராணிக்கெட்தானுங்க" என்றார். கோழிக்கழிச்சலுக்கு இன்னொரு பெயர் அது. 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதலில் கண்டறிந்த நோய். அடுத்த ஆண்டே இமயமலைப் பக்கம் இராணிக்கேத்தில் தென்பட்டதால் நமக்கு அந்தப் பெயர். வைரஸ் நோய், மருந்து கிடையாது. இரண்டாவது கிருமி தொற்றாமல் இருக்க ஒரு மருந்தும், தண்ணீரில் கலக்க உப்புச்சத்தும் கொடுத்தார். வீட்டில் அம்மாயி (அம்மாவின் அம்மா) கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் அரைத்து உருட்டி ஊட்டினார். அதனால் பிழைத்தனவா, பிழைக்க இருந்தவை பிழைத்தனவா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

மிஞ்சிய இருபது

நோய் அடங்கியபோது இருபது குஞ்சுகள் உயிரோடு இருந்தன. எட்டு சுத்தமாகத் தேறிவிட்டன. பன்னிரண்டுக்கு நரம்பில் பிடித்துக்கொண்டது. இந்த நோயின் உண்மையான தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. சாவு வந்துவிட்டுப் போய்விடும். இது போகாது.

அந்தப் பன்னிரண்டில் நான்குக்குத் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கொத்தும்போது குறி தவறும், ஆனாலும் நாலு கொத்தில் ஒரு கொத்து கம்புத் தானியத்தில் விழும். மீதி எட்டின் கதை வேறு. கழுத்து முழுதாகத் திருகி, உச்சந்தலை முதுகில் பட, அலகு வானத்தைப் பார்த்தது. ஒரு அடி எடுத்து வைத்தால் பின்னால் போகும். பயந்தால் குட்டிக்கரணம் அடிக்கும். மூன்றுக்குக் காலும் இழுத்துக்கொண்டது. தரையில் குருணையைத் தூவினால் அது கிடக்கும் இடத்துக்கு இரண்டு அங்குலம் தள்ளிக் காற்றைக் கொத்தும். பசி இருக்கிறது, எதிரே தீனி இருக்கிறது, அலகு மட்டும் அங்கே போய்ச் சேராது.

நான் ஊட்டத் தொடங்கினேன். ஊசி மாட்டாத சிரிஞ்சில் ராகிக் கூழை எடுத்து, கழுத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக. எட்டுக் குஞ்சுக்கும் ஒரு சுற்று வர முக்கால் மணி நேரம். ஒரு நாளைக்கு ஐந்து சுற்று. கையில் பிடித்திருக்கும்போது கழுத்து தளர்ந்து நேராக நிற்கும், கண்ணை மூடி லேசாகக் கொக்கரிக்கும். அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். கீழே விட்ட மறு நிமிடம் பழையபடி திருகிக்கொள்ளும்.

ஏமாற இன்னொரு காரணமும் இருந்தது: தலை சாய்ந்த நான்கும் நாளுக்கு நாள் தேறின. நான்கு தேறினால் எட்டும் தேறாதா? இலேசாகச் சாய்ந்ததைத் தனியாக வைத்து ஊட்டினால் தேறுவது உண்டு. முழுதாகத் திருகியதும் கால் இழுத்ததும் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். இதை டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் காதில் வாங்கவில்லை.

இருபதாம் நாள் மத்தியானம் எட்டில் ஒன்று தண்ணீர்த் தட்டில் தலைகீழாகக் கிடந்தது. தட்டில் இருந்தது ஒரு விரற்கடைத் தண்ணீர். திருகிய கழுத்து அதில் விழுந்தால் எடுக்க வராது. ஊட்டி விட்டுவிட்டு நான் சாப்பிடப் போன நேரம்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. தட்டை எடுத்துவிட்டுக் கூழோடு தண்ணீரையும் சேர்த்து ஊட்டினேன். இருபத்துமூன்றாம் நாள் விடிகாலை டார்ச் அடித்துப் பார்த்தேன். கால் இழுத்த ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதன் கண்ணோரத்தில் கட்டெறும்பு. ஒன்றிரண்டு இல்லை, சாரை. குஞ்சு உயிரோடு இருந்தது. கண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தது.

யார் என்ன சொன்னார்கள்

அன்று காலை டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் நீட்டவில்லை. "தானா ஒரு வாய் தண்ணி குடிக்குதுங்களா? ரெண்டு நாள் கூட இருந்து பழக்கியும் குடிக்கலைன்னா, நீங்க வளர்த்தலைங்க, நீங்க புடிச்சு வெச்சிருக்கறீங்க." ஊசி போட்டு முடிக்க முடியுமா என்று கேட்டேன். குஞ்சுக்கு அதெல்லாம் மருந்தகத்தில் வைப்பதில்லை, நாளை வாருங்கள், கையால் செய்வதைக் காட்டுகிறேன் என்றார்.

அம்மாயிக்கு இது பிடிக்கவில்லை. எட்டாம் நாள் "சீக்குக் குஞ்சை மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கறயே, ஏஞ்சாமி" என்று திட்டியவர்தான். இப்போது மாற்றிப் பேசினார். "திங்கறதுக்கு அறுத்தா அது வேற. சாமிக்கு அறுத்தா அது வேற. சும்மா கொல்றது குத்தம் கண்ணு. அதுவா போகட்டும், உடு."

அவர் வாழ்நாளில் அறுத்த கோழிக்குக் கணக்கில்லை. என் சிறுவயதில் விருந்து வந்தால் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுச் சேவலைப் பிடிக்கப் போவார், தண்ணீர் கொதிப்பதற்குள் திரும்பி வருவார். கொல்வது அவருக்குப் பெரிய விஷயம் இல்லை. கொல்வதற்கு ஒரு பெயர் வேண்டும். குழம்புக்கு என்றால் ஒரு பெயர், கருப்பராயனுக்கு என்றால் ஒரு பெயர். இதற்குப் பெயரில்லை. பண்ணைக்காரர்கள் 'கல்லிங்' என்கிறார்கள், பத்திரிகைகள் 'அழிப்பு' என்கின்றன, சிலர் 'கருணைக்கொலை' என்பார்கள். ஒன்றும் என் வாயில் ஒட்டவில்லை. டாக்டர் 'முடிச்சு விடறது' என்றார். அதையே நானும் எடுத்துக்கொண்டேன்.

ஊரில் வேறு வழக்கங்கள் உண்டு. சீக்குக் கோழியை மூச்சு இருக்கும்போதே அறுத்துத் தின்பது, இறகையும் குடலையும் வாய்க்காலில் எறிவது. வந்த விலைக்கு யாபாரிக்குத் தள்ளுவது. சாக்கில் கட்டி ஓடைக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு வருவது. இதில் எதற்கும் யாரும் குற்றம் என்று சொல்வதில்லை. என் கோழிக்கு நோய் வந்த வழியும் இந்த இரண்டாவது வழக்கமாகத்தான் இருக்க வேண்டும். சந்தையில் எனக்கு விற்றவர்மேல் கோபம் வரவில்லை. விசாரிக்காமல் வாங்கியவன் நான்.

முடித்தது

மருந்தகத்தில் செத்த குஞ்சு ஒன்றை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். உயிருள்ளதில் பழகக் கூடாது, செத்ததில் பழகு என்பது அவர் முதல் பாடம். இடது கையில் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே, மண்டை ஓட்டுக்கு அடியில், கழுத்து வர வேண்டும். கட்டைவிரல் அலகுக்குக் கீழே. ஒரே வீச்சில் நேராகக் கீழே இழுத்து, இழுக்கும்போதே தலையைப் பின்னால் மடக்க வேண்டும். முறுக்கக் கூடாது, சுழற்றக் கூடாது. எலும்பு விலகியதும் விரலுக்கு ஒரு பள்ளம் தட்டுப்படும். ஐந்தாறு முறை செய்து பார்த்தேன். பள்ளம் தட்டுப்படுவது என்றால் என்னவென்று அதற்குப் பிறகுதான் புரிந்தது.

வேறு வழி தேடியதையும் சொல்ல வேண்டும். வாளித் தண்ணீரில் அமுக்குவது ஊரில் நடக்கிறது. அது மூச்சுத் திணறல், கொடுமை. குளிர்பெட்டியில் வைப்பதும் அப்படியே. வினிகரும் சமையல் சோடாவும் கலந்து வரும் வாயுவில் தூங்க வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். முட்டைக்குள்ளேயே கரியமில வாயுவுக்குப் பழகிய சின்னக் குஞ்சுக்கு அந்த வாயு மிக அடர்த்தியாக, நீண்ட நேரம் வேண்டும். வீட்டு டப்பாவில் அந்த அளவைக் கொண்டுவந்தோமா என்று பார்க்க வழியில்லை. பாதியில் நின்றால் திணறித் திணறிப் பிழைத்திருக்கும். கையால் செய்வதிலும் குறை உண்டு. எலும்பு விலகிய அந்தக் கணத்திலேயே நினைவு அற்றுவிடும் என்று சொல்ல முடியாது, சில விநாடி பிடிக்கலாம். ஆனால் என்னிடம் இருந்ததில் அதுவே சீக்கிரம். என் குஞ்சுகள் கால் கிலோகூட இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தில் இந்த முறைக்கு மூன்று கிலோ வரம்பு. ஒரு ஆள் ஒரு நாளைக்கு எழுபதுக்கு மேல் செய்யக் கூடாது என்றும் இருக்கிறது. களைத்த கை சரியாக இழுக்காது என்பதுதான் காரணமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். எனக்கு எழுபது வேண்டியதில்லை.

இருபத்துநான்காம் நாள் பொழுது சாய்ந்த பிறகு செய்தேன். இருட்டில் கோழி அடங்கிவிடும். மற்ற குஞ்சுகள் பார்க்காதபடி மோட்டார் ரூமுக்குப் பின்னால். ஏழு குஞ்சுகளையும் துணி மூடிய கூடையில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்தேன். எறும்பு கடித்ததை முதலில்.

முதல் குஞ்சில் தப்பினேன். வலிக்குமோ என்று மெல்ல இழுத்துவிட்டேன். பள்ளம் வரவில்லை. அது கத்தியது. உடனே இரண்டாவது முறை, இந்தத் தடவை முழு வேகத்தோடு. வந்துவிட்டது. மெல்ல இழுப்பது இரக்கம் என்று நான் நினைத்திருந்தேன். மீதி ஆறு குஞ்சிலும் ஒரே இழுப்பு.

இறக்கை அடிக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். எச்சரித்தும் அதிர்ந்தேன். ஒரு நிமிடத்துக்கு மேல், உயிரோடு இருந்தபோது அடித்ததைவிட வேகமாக அடிக்கும். அது நரம்பின் துடிப்பு, வலி அல்ல. தெரியாதவர் பாதியில் கையை விட்டுவிடுவார்கள். அடங்கும்வரை பிடித்திருந்து, கண்மணியை விரலால் தொட்டுப் பார்த்தேன். இமை அசையக் கூடாது. மூச்சுக்கு வயிறு ஏறி இறங்கக் கூடாது. சந்தேகம் வந்தால் அறுத்துவிடுவதற்குக் கத்தி பக்கத்தில் இருந்தது. தேவைப்படவில்லை. மொத்தம் இருபது நிமிடம். ஊட்டுவதற்கு ஒரு சுற்று முக்கால் மணி நேரம் ஆகும் என்று எழுதினேன் அல்லவா, அந்தக் கணக்கு அப்போதே மனதில் ஓடியது.

கிணற்றிலிருந்து தள்ளி மூன்றடிக் குழி. சுண்ணாம்பு, குஞ்சு, மறுபடி சுண்ணாம்பு, மண். நாய் தோண்டாமல் இருக்க மேலே வேலாமுள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் முகத்தைத் தொட்டேன். இந்த வைரஸ் ஆளின் கண்ணில் பட்டால் கண் சிவந்து நீர் வடியும். திரும்பி வந்தபோது அம்மாயி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீர் மட்டும் போட்டு வைத்திருந்தார்.

பின் நடந்தது

எட்டாம் நாளிலிருந்தே சுத்தமும் நோயுமாக ஒரே குடாப்பில் வைத்தது இன்னொரு பிழை. முதல் குஞ்சு வாய் பிளந்த அன்றே பிரித்திருந்தால் சில பிழைத்திருக்கலாம். ஆனால் இந்த ஏழு குஞ்சுகளின் விஷயத்தில் என் பிழை தேதியில்தான். பதினைந்தாம் நாளே முழுதாகத் திருகியவை எவை என்று தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு நாள் தவணை கொடுத்து, பதினேழில் முடித்திருக்க வேண்டும். மூழ்கியதும் எறும்பும் அதற்குப் பிறகு வந்தவை.

குடாப்பைக் காலி செய்து, எச்சத்தைச் சுரண்டி எரித்து, சுண்ணாம்பு அடித்து, ஒரு மாதத்துக்கு மேல் வெயிலில் போட்டேன். தலை சாய்ந்த நான்கில் மூன்று நேராகிவிட்டன. ஒன்று இன்னும் பக்கவாட்டில் பார்த்தபடிதான் மேய்கிறது. அதன் தட்டில் கூழாங்கல் நிரப்பி இடுக்கில் மட்டும் தண்ணீர் விட்டேன். இப்போது கல் தேவைப்படவில்லை.

அடுத்த அடை ஆனியில் பொரித்தது. பக்கத்துத் தோட்டங்களில் விசாரித்தால் இன்னும் மூன்று வீட்டில் அதே வாரம் பொரித்திருந்தன. எல்லாம் சேர்த்து 63 குஞ்சு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய, தீனியாகவே கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்து கிடைக்குமா என்று அலைந்து பார்த்தேன், கைக்கு வரவில்லை. லசோட்டா 100 டோஸ் குப்பி ஒன்றை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவந்து, வெயில் ஏறுவதற்குள் கலக்கி, நான்கு வீட்டுக்கும் மொபெட்டில் ஓடினோம். அம்மாயி பின்னால் உட்கார்ந்து பிளாஸ்க்கை மடியில் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வீட்டிலும் குஞ்சை அவர் பிடித்தார், நான் கண்ணில் சொட்டு விட்டேன். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மிச்சமிருந்த மருந்தைக் கொதிக்க வைத்துக் கொட்டினேன்.